கடைசி வாளி

வெள்ளூரணிப் பால்வாடித் தெருவில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். வருகிற காலையில் இருபத்திரண்டு வீடும் குடத்தையும் அண்டாவையும் சிமெண்டுத் தொட்டியையும் நிரப்பிவிட்டு, குழாய் நிற்பதற்குள் மிச்சத்தைப் பிடித்து வாசலில் வண்டி கழுவும். அப்படிக் கழுவிய ஓர் ஆனி மாதக் காலையில், கோமதிநாயகத்தின் மோட்டார் சைக்கிளிலிருந்து கடல் மணல் வந்தது.

கோமதிநாயகம் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் சினை ஊசி போடுகிறவர் அவர்தான் என்பதால், உறைந்த விந்துக் குச்சிகள் உள்ள, புகை கக்கும் நைட்ரஜன் கேனை வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, கரிசல் காட்டுப் பாதைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் நாள் முழுக்க அலைந்து, வண்டி எது சாணி எது என்று தெரியாத கோலத்தில் சாயங்காலம் வீடு திரும்புவார். அதனாலேயே வண்டி கழுவுவதைப் பூசை மாதிரிச் செய்தார். சைலன்சர் வாயில் பாலித்தீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போடுவார். செயினுக்கு மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். நுரையை மேலிருந்து கீழாகத்தான் இறக்குவார். சக்கரம் துடைத்த துணி டேங்க் பக்கம் வரவே கூடாது, வந்தால் மணல் கீறிவிடும். நுரை போய், அழுக்குப் போய், வாசலில் ஓடுகிற தண்ணீர் கண்ணாடியாகத் தெரிந்த பிறகும் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார், மனசு நிறைவதற்காக.

அந்தக் கடைசி வாளியில்தான் வந்தது. மட்கார்டுக்கு அடியிலிருந்து, சற்று முன்பு விரலை விட்டுத் துழாவிச் சுத்தம் பார்த்த அதே இடத்திலிருந்து, இரண்டு கையளவு வெளுத்த மணல் சரிந்து விழுந்தது. அதில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிப்பி கிடந்தது.

அவர் மனைவி செண்பகவல்லி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள்.

"கடலுக்குப் போனீகளா?"

"கல்யாணமான புதுசுல உன்னோட திருச்செந்தூர் போனதுதான்."

"அப்ப இது?"

"தெரியல" என்றார் அவர். விளக்குமாற்றால் மணலைச் சாக்கடைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, பழைய பனியன் துணியால் டேங்க்கைத் துடைக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை அவருக்கு உத்தரவு வந்தது, வேம்பார்ப் பக்கம் கடலோரக் கிராமங்களில் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போகச் சொல்லி. மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். வண்டியின் மட்கார்டில் ஒட்டியிருந்த மணலில் அதே அளவில், ஓரத்தில் அதே உடைசலோடு ஒரு சிப்பி இருந்தது.

அடுத்த தண்ணீருக்கு எல்லா வீட்டு வண்டியிலிருந்தும் வந்தது. அழுக்கெல்லாம் போன பிறகு ஊற்றுகிற கடைசி வாளியில், ஒரு வண்டியிலிருந்து தேரிக் காட்டுச் செம்மணல், ஒரு வண்டியிலிருந்து கல் குவாரி வெண்தூசி, ஒரு வண்டியிலிருந்து குற்றாலத்து ஈர இலை. அடுத்த தண்ணீர் வருகிற வரைக்கும் அந்த எட்டு நாளில் அந்தந்த வண்டி எந்தெந்த மண்ணில் உருளப் போகிறதோ அந்தந்த மண். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் தெருச் சங்கத்தின் தலைவருமான ஜெபராஜ் சார் ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். குடிக்கத் தகுந்தது என்று பதில் வந்தது. அதற்குமேல் காரணத்தை யாரும் தேடவில்லை, ஏனென்றால் அதற்குள் தெருவுக்கு அது பழகிப்போயிருந்தது.

குற்றால இலை வந்த வீட்டில் அம்மாக்காரி மகனுக்குச் சொல்லாமலே பையில் துண்டும் தலைவலித் தைலமும் வைத்தாள். மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் வண்டியிலிருந்து மூன்று தண்ணீருக்குத் தொடர்ந்து எதிர்த்திசைத் தேரி மணல் வந்ததில், அந்த வீட்டில் ஒரு மாதம் யாரும் யாருடனும் பேசவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். ஒருத்தர் வாசலை ஒருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். இரண்டு தண்ணீர் வரைக்கும் அது தாங்கியது.

கோமதிநாயகத்தின் எதிர் வீட்டுத் தனுஷ்கோடி, கடலை மிட்டாய்ப் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக் கட்டிக்கொண்டு நாலு திசைக் கடைகளுக்கும் போடுகிறவர். தெருவிலேயே அதிக மண் இறங்குவது அவர் வண்டியில்தான். ஒவ்வொரு தண்ணீருக்கும் அவர் வாசலில் கரிசலும் செவலும் சரளையும் பட்டை பட்டையாக ஓடும். ஆவணி மாதத்தில் ஒரு தடவை அவருடைய கடைசி வாளி தெளிவாக ஓடியது. இன்னொரு வாளி ஊற்றினார், அதுவும் தெளிவு. ஏழு வாளி ஊற்றினார். வானம் தெரிகிற மாதிரி ஓடியது தண்ணீர்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி ஒழுங்காக் கழுவியிருக்கீக" என்றார் கோமதிநாயகம். எல்லோரும் சிரித்தார்கள். தனுஷ்கோடிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவர் பெட்டிகளை அடுக்கிவிட்டு, "மாரி, அந்தக் கயித்த எடு" என்று மனைவியிடம் கேட்டார். மாரிக்கனி கயிற்றோடு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. கயிற்றை நீட்டிக்கொண்டே அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அடுத்த தண்ணீர் வருகிற வரைக்கும் அந்த வண்டியை யாரும் ஸ்டாண்டிலிருந்து எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

புரட்டாசியில் மூலை வீட்டுச் சத்துணவு அமைப்பாளரின் வண்டி தெளிவாக ஓடியது. அவர் பயந்து கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தார். ஆறாம் நாள் டைபாய்டு வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து பிழைத்து வந்தார். "வண்டி நிக்கும்னுதான் தண்ணி சொல்லுது. எதனால நிக்கும்னு சொல்லல. எல்லாரும் சாகணும்னு இல்ல" என்று ஜெபராஜ் சார் வீடு வீடாகப் போய் விளக்கினார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அதன் பிறகு பால்வாடித் தெருவில் யாரும் வண்டி கழுவவில்லை. சாணியும் சேறும் தாரும் ஏறி ஏறி வண்டிகள் நிறம் இழந்தன, நம்பர் மறைந்தது. ஊருக்குள் இருக்கிற வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவினால் வெறும் அழுக்குத்தான் போகும் என்று இரண்டு பேர் போய்ப் பார்த்து வந்து சொன்னார்கள். ஆனால் ஈரம் சொட்டச் சொட்டத் தெருவுக்குள் வந்தால் அந்தச் சொட்டும் கடைசி வாளிதானே என்று யாரோ கேட்டார்கள், அதோடு அதுவும் நின்றது. பிறகு ஐப்பசி மழை வந்தது. வாசலில் நிற்கிற வண்டியை மழையும் கழுவும் என்பது முதல் இடி இடித்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்றைக்குத் தெருவே நனைந்துகொண்டு ஓடி, வண்டிகளைத் தூக்கி வீட்டுக்குள் ஏற்றியது. சில வீட்டில் சாமி படத்துக்கு நேராக, சில வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், தனுஷ்கோடியுடையது போக இருபத்தொரு வண்டியும் சேறோடு உள்ளே நின்றன. மழை ஓயும்வரை ஆட்கள் அவற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மழையில் நனைந்து வேலையிலிருந்து வருகிறவர்கள் தெரு முனையிலேயே நின்று, வண்டியைத் தார்ப்பாயில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவந்தார்கள்.

கோமதிநாயகம் பிரஷ்ஷை எடுப்பார், செயினைப் பார்ப்பார், பிரஷ்ஷைத் திரும்ப வைப்பார். கார்த்திகைத் தொடக்கத்தில் கழுகுமலைப் பக்கம் ஒரு சரிவில், சேறு இறுகியதால் பின்சக்கர பிரேக் பிடிக்காமல் வண்டி உடைமுள் புதருக்குள் போனது. முகம், கை எல்லாம் கீறலோடு வந்து நின்றவரைச் செண்பகவல்லி திண்ணையில் உட்கார வைத்தாள். முள்ளை எடுக்க ஊக்கைத் தீயில் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"கழுவாட்டி இதுவே கொன்னுரும்."

"கழுவுனா தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சா என்ன செய்ய முடியும்னு பாக்கலாம்."

"தனுஷ்கோடி அண்ணாச்சி பாத்தாரே" என்றார் கோமதிநாயகம். ஊக்கு தைத்தபோதுகூட அவர் கையை இழுக்கவில்லை.

அடுத்த தண்ணீர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் கறி வாங்கப் போயிருந்தார். செண்பகவல்லி வண்டியைத் தனியாகத் தள்ளி வாசலுக்கு இறக்கினாள். பதினெட்டு வருசம் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம். சைலன்சர் வாயைக் கட்டினாள். செயினுக்கு மண்ணெண்ணெய் போட்டாள். இரண்டு மாதச் சேற்றைக் குச்சியால் நெம்பி, நுரையை மேலிருந்து கீழாக இறக்கி, டேங்க்குக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி என்று பிரித்துத் துடைத்தாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. வாசலில் தண்ணீர் தெளிந்தது. அவள் கடைசி வாளியைத் தூக்கி, செண்பகவல்லித் தாயே என்று தன் பெயருள்ள சாமியை நினைத்து, ஊற்றினாள்.

ஒன்றும் வரவில்லை. மட்கார்டு, சக்கரம், பெடல், எல்லா இடத்திலிருந்தும் வெறும் தண்ணீர், சுத்தமான தண்ணீர், சிமெண்டுத் தரையின் வெடிப்பு தெரிகிற தண்ணீர். இன்னொரு வாளி பிடித்தாள். இன்னொன்று. நாலாவது வாளி பாதியில் குழாய் நின்றுவிட்டது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது குளிர்ந்து, புதுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவள் உள்ளே போய் டூல்ஸ் பையை எடுத்துவந்தாள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, அவர் செய்கிற மாதிரியே பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டுத் திருகி, பிளக்கைக் கழற்றி, துவரம்பருப்பு டப்பாவின் அடியில் புதைத்து மூடினாள்.

கறியோடு வந்த கோமதிநாயகம் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார்.

"கழுவிட்டியா?"

"ம்."

"கடைசி வாளி ஊத்துனியா?"

"கறிய உள்ள கொண்டாங்க. ஈ மொய்க்குது."

அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் அவர் நாலு தடவை கிக்கரை உதைத்தார், பிறகு குனிந்து பார்த்தார், பிறகு அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"செம்பா, பிளக்கக் காணோம்."

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

"அடுத்த தண்ணி வர்ற வரைக்கும்."

அவர் கிரீஸ் படாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். வெகு நேரம் துடைத்தார்.

"சரி. டவுன் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

அவர் தெரு முனையைத் தாண்டுகிறவரை அவளுக்குத் தான் செய்தது சரியாகத்தான் பட்டது. வண்டி நிற்கும் என்றது தண்ணீர், நிற்க வைத்துவிட்டாள், தண்ணீர் சொன்னது நடந்தாயிற்று, இனி அதற்கு வேறு ஒன்றும் தேவையில்லை. அரிசி களைகிறபோதுதான் இன்னொன்று தோன்றியது. எதனால் நிற்கும் என்று தண்ணீர் சொல்லவில்லை. பழக்கப்பட்ட வண்டியைப் பறித்து அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறாள். பஸ் கவிழ்ந்தாலும் வண்டி நிற்கத்தான் செய்யும். பாம்பு இருக்கிற வரப்பில் நடந்துபோய்க் கடி வாங்கினாலும் நிற்கத்தான் செய்யும். சாவைத் தடுத்தோமா, இல்லை வழிகாட்டிக் கூட்டிவந்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. களைந்த அரிசி கையிலேயே ஊறியது. துவரம்பருப்பு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். அந்த வாரம் முழுக்க அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத் திறந்து மூடினாள். வீட்டில் யாரும் பருப்பு கேட்கவில்லை.

அவரோ ஒவ்வொரு சாயங்காலமும் வந்து சேர்ந்தார். நைட்ரஜன் கேனிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் கண்டக்டர் முதல் நாள் விசில் அடித்துப் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டதையும், இரண்டாம் நாள் கடைசி இருக்கையில் ஏற்றிக்கொண்டதையும், மூன்றாம் நாள் ஒரு கிழவி அந்தப் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் சொன்னார். செண்பகவல்லி சிரித்தாள். அவர் தூங்கிய பிறகு மூக்கில் கை வைத்துப் பார்த்தாள்.

ஏழாம் நாள் ஆறரை மணிப் பஸ்ஸில் அவர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை, பிறகு அடிக்கவே இல்லை. ஏழு மணிக்கு அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாரிக்கனி அதைப் பார்த்தாள். தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, சிமெண்டுப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துருவாரு" என்றாள் மாரிக்கனி. "மாடு எதுவும் கன்னு போட முடியாம கெடந்திருக்கும். விட்டுட்டு வர முடியுமா?"

செண்பகவல்லிக்கு வாய் நிற்கவில்லை. ஏழு நாளாக அடக்கியது அத்தனையும் அந்தப் பெஞ்சில் கொட்டிவிட்டது.

"மதினி, எங்க வீட்டு வண்டி தெளிவா ஓடிருச்சு மதினி."

மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள்.

"அதான் பிளக்கக் கழட்டி ஒளிச்சு வச்சேன். வண்டிதான நிக்கணும், நானே நிறுத்திப்புடுறேன், ஆள விட்ருன்னு நெனச்சேன். இப்ப நானே அவுகளக் கொண்டுபோய்க் குடுத்துட்டனோன்னு..."

ரோட்டில் ஒரு லாரி போனது, ஒரு ஆட்டோ போனது. மாரிக்கனி சேலை முந்தியை எடுத்து இரண்டு கையாலும் மடித்தாள், மறுபடி மடித்தாள், சின்னச் சதுரமாகும்வரை மடித்தாள்.

"எனக்கு இது தோணலையே" என்றாள்.

"மதினி..."

"அஞ்சு நாள் இருந்துச்சு. சாவி ஆணியிலதான் தொங்குச்சு. காலைல நான்தான் எடுத்து அவுக கையில குடுப்பேன்." மடித்த முந்தியை விரித்துவிட்டாள். "எனக்குத் தோணலையே, தாயி."

செண்பகவல்லி சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமானால் நாக்கை அறுத்தாவது எடுத்திருப்பாள். அந்த நேரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் திருப்பத்தில் விழுந்தது. அது வந்து நின்று, யாரோ ஒரு பெண் குழந்தையோடு இறங்கி, ஒரு மூட்டை இறங்கி, அதன் பிறகு கேனைத் தூக்கிப் பிடித்தபடி கோமதிநாயகம் இறங்கினார். சட்டையெல்லாம் ரத்தமும் வழும்பும் காய்ந்திருந்தது. பசுவின் ரத்தம்.

"தலை திரும்பிக் கெடந்துச்சு கன்னுக்குட்டி. ரெண்டும் பொழைச்சிருச்சு" என்றார். பிறகு இரண்டு பேரையும் பார்த்து, "இங்க என்ன செய்றீக?" என்று கேட்டார்.

செண்பகவல்லியால் எழுந்து அவரிடம் போக முடியவில்லை. பக்கத்தில் மாரிக்கனி இருந்தாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கத் துடித்த கால்களை அவள் பெஞ்சுக்கு அடியில் பின்னி வைத்துக்கொண்டாள். மாரிக்கனிதான் முதலில் எழுந்தாள்.

"சும்மா, காத்தாட வந்தோம்" என்றாள் அவரிடம். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள், இறங்கியது ஆள்தானா என்று பார்க்கிற மாதிரி. பிறகு செண்பகவல்லியிடம் கேட்டாள்: "நாளைக்குத் தண்ணி வருதுல்ல?"

"வருது மதினி."

"இத வேற யாருக்காவது சொன்னியா?"

"இல்ல."

"நான் சொல்லிக்கிடுறேன்" என்றாள் மாரிக்கனி.

தெருவுக்குள் நுழைந்ததும் அவள் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர்களிடம், உள்ளே போகாமல், வாசல்படிக்குக் கீழே நின்று சொன்னாள்: "நாளைக்கு எல்லாரும் வண்டியக் கழுவுங்க. கடைசி வாளி தெளிவா ஓடுச்சுன்னா சாவிய எடுத்து ஒளிச்சு வச்சிருங்க. ஆளப் பஸ்ஸுல அனுப்புங்க. செண்பகவல்லி செஞ்சு பாத்துட்டா. அவ வீட்டுக்காரரு வந்துட்டாரு." சொல்லிவிட்டு, அவர்கள் புரிந்துகொண்டு தலையாட்டுகிறவரை காத்திருந்தாள். பிறகு அடுத்த வீடு. அதே வார்த்தைகள், கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதே குரல். கேட்டவர்களில் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே சேறு பிடித்து நிற்கிற வண்டியைப் பார்த்தார்கள், தங்கள் கால்களைப் பார்த்தார்கள். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஜெபராஜ் சார் வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

கோமதிநாயகம் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி சோற்றைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். கதவு தட்டுகிற சத்தமும் அந்தக் குரலும் எதிர் வரிசையின் கோடிக்குப் போய், இந்த வரிசையில் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் வந்தன. இருபதாவதாகக் கதவு திறந்த வீட்டுக்காரம்மா மாரிக்கனியின் கையைப் பிடித்து, "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க அக்கா" என்றாள்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு" என்று சொல்லி மாரிக்கனி கையை விடுவித்துக்கொண்டாள்.

அவள் தெருவைக் கடந்து தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். பூட்டியிருந்த கதவை, மற்ற வீடுகளில் தட்டியது போலவே, மூன்று முறை தட்டினாள். படிக்குக் கீழே இறங்கி நின்று, திறப்பதற்கு ஆகிற நேரம் காத்திருந்து, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் அதே வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, ஆணியிலிருந்து சாவியை எடுக்கப் போகிறவள் உள்ளேயிருந்து தலையாட்டுகிறவரை நின்றாள்.